செப்டம்பர் முப்பதில் நின்ற பேக்கப்

அப்கிரேட் மூன்றாவது முறையாக அறுபத்தேழு சதவீதத்தில் நின்றது.

மதியம் இரண்டரை மணி. எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் ஆபீஸின் மூன்றாவது மாடியில், சாப்பிட்ட டப்பாவைக்கூடக் கழுவாமல் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்கிரேட் ஆகிக்கொண்டிருந்தது, நாங்கள் பார்த்துக்கொள்ளும் நூற்றிருபது வெர்சுவல் சர்வர்களையும் தினமும் நகலெடுத்து வைக்கிற பேக்கப் பெட்டி. அது எழுந்திருக்காவிட்டால் இன்றைக்கு எதற்கும் நகல் கிடையாது.

பெட்டியை விற்ற கம்பெனியிலிருந்து அனுஷா என்ற பெண் போனில் இருந்தாள். என் திரையை அவளுக்குத் திறந்துவிட்டிருந்தேன். பெட்டி தனக்கு நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் லாக்கை அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. டேரிலை வேலைக்கு எடுக்க நினைக்கிற ஒரு கம்பெனி மெயில் அனுப்பியிருந்தது. அவர் ஏன் விலக்கப்பட்டார்? கவனக்குறைவுதான் காரணமா? நீங்கள் மறுபடி எடுத்துக்கொள்வீர்களா? மாலைக்குள் பதில் வேண்டுமாம்.

டேரில் எனக்குக் கீழே பேக்கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன். கோலார் தங்கவயல்காரன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஜனவரியில், மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கிளையன்ட்டின் சர்வர் படுத்துவிட்டது. நகலிலிருந்து மீட்கலாம் என்று போனால் மூன்றரை மாத நகலைக் காணோம். பேக்கப் யார் பொறுப்பு? டேரில் பொறுப்பு. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பினோம் என்று சொல்வதுதான் சரி. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

அதன் பிறகு அவனுக்கு எங்கேயும் வேலை அமையவில்லை. எல்லாம் கூடிவரும். எங்கள் பதிலைப் பார்த்ததும் பின்வாங்கிவிடுவார்கள். இது நான்காவது கம்பெனி.

"சார், ஒரு பேக்கப் ஜாப் நிறுத்திவெச்சபடியே கிடக்கு. அப்கிரேட் அதுலதான் மாட்டிக்குது," என்றாள் அனுஷா. "செப்டம்பர் முப்பது, சாயங்காலம் நாலு பத்துக்கு நிறுத்தியிருக்காங்க. ஏதோ மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியோட சர்வர் போல. யூசர் சந்தானம்னு காட்டுது."

சந்தானம் நான்தான்.

அன்றைக்கு ஆபீஸில் ஆயுத பூஜை. மறுநாளிலிருந்து லீவு என்பதால் ஒரு நாள் முன்னதாகவே வைத்துக்கொண்டோம். சர்வர் ரேக்குகளுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்திச் சரம் எல்லாம் உண்டு.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுபூஜை வரை தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதற்காக நூற்றிருபது மெஷினையும் நிறுத்த முடியுமா? சாஸ்திரத்துக்கு ஏதாவது ஒரு சர்வரின் பேக்கப்பை மட்டும் நிறுத்திவைப்பேன். லீவு முடிந்து வந்ததும் ஒரு கும்பிடு போட்டு ஓடவிடுவேன். பதினோரு வருஷமாக இப்படித்தான்.

போன முறை ஓடவிடவில்லை போலிருக்கிறது.

டேரில் அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தான். அவனுக்கு இது தெரிய வழியில்லை. பேக்கப் தோற்றால்தான் திரையில் சிவப்பாகக் காட்டும். நிறுத்திவைத்தது ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில் கிடக்கும், யார் கண்ணிலும் படாது. ஜனவரியில் அத்தனை ரகளை நடந்தபோதும் அந்த சர்வருக்குப் புதிதாக ஒன்றைப் போட்டுக்கொண்டோமே தவிர, பழையதை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

பொரி கடலையை மென்றுகொண்டே நான் ஒரு பட்டனை அமுக்கியிருக்கிறேன். அதற்கு டேரில் வேலையை இழந்திருக்கிறான்.

"இந்தப் பழைய ஜாபை ஹிஸ்டரியோட டெலீட் பண்ணிட்டா அப்கிரேட் போயிடும் சார். பண்ணட்டுமா?"

ஹிஸ்டரி என்றால் யார் நிறுத்தினார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்கிற விவரம். அது போனால் என் பெயரும் போய்விடும். நான் ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

"பண்ணிடும்மா," என்றேன். குரல் நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை.

அறுபத்தெட்டு. எழுபத்தொன்று. எண்பது.

அது ஏறிக்கொண்டிருக்கும்போதே மெயிலுக்குப் பதில் எழுதினேன். கவனக்குறைவுதான் காரணமா? ஆம். மறுபடி எடுத்துக்கொள்வீர்களா? மாட்டோம். முதல் மூன்று கம்பெனிகளுக்கும் இதே பதிலைத்தான் எழுதியிருந்தேன். அப்போது நம்பி எழுதினேன். இந்த முறை தெரிந்தே எழுதினேன். அனுப்பியும் விட்டேன்.

நூறு சதவீதம். பெட்டி எழுந்துகொண்டது. பக்கத்து வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"ஹிஸ்டரி போயிடுச்சேன்னு கவலைப்படாதீங்க சார்," என்றாள் அனுஷா. "டெலீட் பண்றதுக்கு முன்னாடி பாத்தேன். ஜனவரி பன்னெண்டாம் தேதியே டேரில்னு ஒருத்தர் அதை முழுசா டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கார். உங்க டீம்தானே, கேட்டா குடுப்பார்."

நன்றி சொல்லி போனை வைத்தேன்.

டேரிலை அனுப்பிய கூட்டம் அதற்கு மறுநாள், பதின்மூன்றாம் தேதி நடந்தது.

கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று ஹெச்.ஆர். ஷில்பா அவனைக் கேட்டாள். அவன் என் பக்கம் திரும்பினான்.

"சார், நீங்க எதாச்சும் சொல்றீங்களா?"

சிபாரிசுக்குக் கெஞ்சுகிறான் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

அவன் எழுந்து போனான்.