ஆறாவது சட்டை

"எழுதி ஒட்டியாச்சு, போய்ப் படி. ஆறாவது பேரு உன்னுதுதான்" என்றாள் இருதயமேரி, தையல் மிஷினிலிருந்து காலை எடுக்காமலே.

வெண்ணிலா ஓடிப்போய்க் கடைக் கதவில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். கடைசி வரியில், 'விழுப்புரம் வேங்கைகள் – அனந்தபுரம் வெண்ணிலா' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள அந்தக் கடைக்கு ஜாக்கெட் தைக்க வருகிறவர்களைவிட அட்டை படிக்க வருகிறவர்கள்தான் அதிகம். பெண்கள் கூடைப்பந்து லீக்கில் ஆறு டீம். ஒவ்வொரு டீமும் வருஷத்துக்கு ஒரு புது ஆளை எடுக்கும். யார் யாரை எடுப்பார்கள் என்று இருதயமேரி முதல் நாளே எழுதி ஒட்டிவிடுவாள். மூன்று வருஷமாக ஒரு பேர்கூடத் தப்பியதில்லை.

"கேலி பண்ணாதீங்கக்கா. நான் அஞ்சடி. வேங்கைகள்ல ஆறடி ஆளா தேடிக்கினு இருக்காங்க."

"ஆறடி இருந்தா ஆட்டம் வந்துடுமா? மூணு பேருக்கு நடுவுல பூந்து நீ பந்து போடுறத என் கண்ணால பாத்தவ நான்."

"பிளே-ஆஃப்ல யாரு ஜெயிப்பாங்கன்னும்தான் எழுதுறீங்க. நீங்க கை காட்டுன டீமு மூணு வருஷமும் மொத மேட்ச்சுலயே மூட்டை கட்டிக்கினு போச்சு!"

"அது வேற, இது வேற" என்றாள் இருதயமேரி ரோஷத்தோடு.

ஊரே சொல்லிச் சிரிக்கிற விஷயம்தான் அது. அவள் ஆளைச் சொன்னால் அச்சுப் பிசகாது. ஆட்டத்தைச் சொன்னால் உருப்படாது.

ஆனால் வெண்ணிலாவுக்கு இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷம் செலக்‌ஷனுக்குப் போய், இரண்டு வருஷமும் தொங்கிய முகத்தோடு திரும்பியவள்.

"இந்த வாட்டியும் எடுக்கலன்னா பந்தைப் பரண்ல போட்டுட்டு, திங்கக்கெழம கம்பெனி பஸ்ஸுல ஏறிடுன்னு அப்பா சொல்லிட்டாருக்கா. கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்குற நேரத்துலகூட என்னை கிரவுண்டுக்கு அனுப்பின மனுஷன். அவரையும் குத்தம் சொல்ல முடியாது."

இருதயமேரி பதில் சொல்வதற்குள் செல்போன் அடித்தது. "சரிங்க. அவுரு சொன்னபடியே தைச்சுடறேங்க" என்று சொல்லி வைத்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடியும் அடித்தது. "ஆங், சரிங்க. அவுரு சொன்னபடியே தைச்சுடறேங்க."

"யாருக்கா? புருஷன் பொண்டாட்டி சண்டையா?"

"அது மாதிரிதான் வச்சுக்கோயேன். செம பேஜாரு!" போனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த இருதயமேரி, திடீரென்று டேப்பை எடுத்தாள். "திரும்பு. தோள் அளவு எடுக்கணும்."

"எனக்கு எதுக்குக்கா?"

"கேள்வி கேக்காத. சும்மா நில்லு."

அளவு எடுத்து முடித்ததும், "ஜல்தி கிளம்பு, அர்ஜென்ட் வேலை வந்துடுச்சு" என்று அவளை வெளியே தள்ளாத குறையாக அனுப்பி வைத்தாள்.

மறுநாள் காலை விழுப்புரம் மைதானத்தில் நல்ல கூட்டம். லீக்கின் வழக்கப்படி ஒவ்வொரு டீமும் மேடைக்கு வந்து, பைக்குள் இருக்கும் பனியன் சட்டையை எடுத்து விரிக்கும். முதுகில் யார் பேர் இருக்கிறதோ அவள்தான் புது ஆள்.

முதல் சட்டையில் சன்மதி. அட்டையிலும் முதல் பேர் அவள்தான். அடுத்த நான்கும் அப்படியே வர, "மேரியக்கா சொன்னா சொன்னதுதான்!" என்று கூட்டத்தில் ஒரே விசில்.

கடைசியாக வேங்கைகள். முதலாளி சுப்பராயலுவுக்கும் கோச் நடராசனுக்கும் ஆகவே ஆகாது என்பது ஊரறிந்த கதை. இன்றைக்கு என்னவோ இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு மேடை ஏறினார்கள். கோச் சட்டையை விரித்தார்.

வெண்ணிலா!

"எம் பொண்ணு! எம் பொண்ணு!" என்று அப்பா பெரியதம்பி துண்டைச் சுழற்றிக் கத்தினார். வெண்ணிலாவுக்குக் கால் தரையிலேயே இல்லை. அழுதுகொண்டே மேடை ஏறினாள்.

"நல்ல செலக்‌ஷன், நடராசன்" என்றார் முதலாளி.

"எல்லாம் உங்க பார்வைங்க" என்றார் கோச்.

எடுத்த கையோடு புது ஆள் ஒரு பந்து போட்டுக் காட்ட வேண்டும். தூரக் கோட்டுக்கு வெளியே நின்று வெண்ணிலா போட்டாள். வளையத்தைத் தொடாமல் நேராக உள்ளே விழுந்தது பந்து. கோச்சும் முதலாளியும் ஒருவரை ஒருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

வெண்ணிலா சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டத்தில் இருந்த இருதயமேரியிடம் ஓடினாள்.

"அக்கா, இது எனக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குதே!"

"நேத்து எடுத்தேனே, அந்த அளவுதான்." இருதயமேரி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஆறு டீமு சட்டைக்கும் முதுகுல பேரு தைக்கிறது நான்தான் கண்ணு. தான் மட்டும்தான் எங்கிட்ட குடுக்கறதா ஒவ்வொரு டீமும் நெனச்சிக்கினு இருக்குது."

"அடிப்பாவி அக்கா! அப்போ என் பேரைக் குடுத்தது யாரு? கோச்சா, முதலாளியா?"

"அட்டையில உன் பேரை என் ஆசைக்குத்தான் எழுதி வச்சேன். அப்புறம் நேத்து நீ இருக்கும்போதே ரெண்டு பேரும் போன் பண்ணாங்களே. சண்டை வேணாம், முதலாளி சொன்ன பேரையே தைச்சுடும்மான்னாரு கோச்சு. கோச்சு சொன்ன பேரையே தைச்சுடுன்னாரு முதலாளி" என்று வெண்ணிலாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள் இருதயமேரி. "ஆனா பேரை மட்டும் ரெண்டு பேருமே எங்கிட்ட சொல்லவே இல்ல."