வெளியாளுக்குப் பச்சைத் தண்ணீர்

ஒரு வாரமாக யாழினி ஷவரின் கீழ் நின்றால் பச்சைத் தண்ணீர்தான் கொட்டியது. ஆளைப் பார்த்து அவரவருக்கு ஏற்ற சூட்டில் தண்ணீர் விடும் ஷவர் அது. கணவன் கௌதமுக்கும் மகளுக்கும் ஆவி பறக்க வெந்நீர் வந்தது. "கீசர் பழசாயிடுச்சு, தடுமாறுது," என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான்.

அவளே பிளம்பர் ரபீக்கை வரவழைத்தாள். அவர் கீசரைக் கழற்றி உப்பைச் சுரண்டினார், வால்வை மாற்றினார். யாழினி கையை நீட்டினாள், சில்லென்றது. ரபீக்கும் கையை நீட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"எனக்கும் பச்சைத் தண்ணிதானுங்க வருது. வெளியாளுக்கு அப்படித்தான் விடுமுங்க."

"நான் வெளியாளா?"

சுவரில் இருந்த ஷவரின் தொடுதிரையைத் தட்டிப் பார்த்தவர் தயங்கினார். "வீட்டாளுங்க பட்டியல்ல இருந்து உங்க பேரை எடுத்துட்டாங்கம்மா. உங்க வீட்டுக்காரரைத் தவிர வேற யாரும் எடுக்க முடியாதுங்க."

"வாசக்கதவும் ஆள் பார்த்துத்தானே திறக்குது? நேத்துகூட எனக்குத் திறந்துச்சே!"

"ஒவ்வொண்ணா எடுப்பாங்கம்மா," என்றார் ரபீக், அவளைப் பார்க்காமல். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கீழே பள்ளி வேன் ஹாரன் அடித்தது. மகளை அழைத்துவர வேண்டும். யாழினி சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்து வந்து, வாசற்கதவு சாத்திக்கொள்ளாதபடி நிலையின் குறுக்கே போட்டுவிட்டு, படியில் இறங்கி ஓடினாள்.