கோட்டுக்கு வெளியே விழுந்த பந்து

பந்து மேலே கிளம்பியதுமே புஷ்பமேரிக்குத் தெரிந்துவிட்டது, இது பெபினுக்கு வருகிற பந்து.

அவளுக்கு பேஸ்பால் தெரியாது. கிரிக்கெட்டே, புருஷன் டிவி பார்க்கும்போது குறுக்கே நடந்த அளவுக்குத்தான். ஆனால் மேலே போன பந்தைக் கீழே நிற்பவன் பிடிக்க வேண்டும் என்பதற்குப் படிப்பா வேண்டும்?

பெபின் மைதானம் முடிகிற வலது ஓரத்தில் நிற்பவன். அவுட்ஃபீல்டர் என்று பெயராம். நாகர்கோவில் காலேஜில் ஆடி, மாநில அணிக்கு ஆடி, கடைசியில் துபாயில் ஒரு குட்டி லீக்கின் குட்டி அணிக்கு வந்து சேர்ந்து இரண்டு வருஷம். ஷார்ஜாவில் புஷ்பமேரிக்கு எதிர் ஃபிளாட்.

"பந்து வந்தாலும் வராட்டாலும் நிக்கணும். அதுக்கொரு யூனிஃபார்ம்" என்று நாலாவது மாடி முழுக்கச் சொல்லி வைத்தவள் அவள்தான். சொன்னதைச் சரிபார்க்கத்தான் இந்த வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

பக்கத்தில் பெபினின் மனைவி அஜிஷா. கிளினிக்கில் நர்ஸ்.

சீசனின் கடைசி ஆட்டம். இது முடிந்ததும் அவுட்ஃபீல்டர்களில் ஒருவனைக் கழித்துவிடுவார்கள். கழிக்கப்பட்டவனுக்கு விசாவும் போகும். புருஷனைத் தன் விசாவில் வைத்துக்கொள்ள அஜிஷாவின் சம்பளம் எட்டாது.

அரை மணி நேரத்துக்கு முன்புதான் அவள் புஷ்பமேரியின் காதில் சொன்னாள்.

"அக்கா, எனக்கு ரெண்டு மாசம். அவருட்ட இன்னும் சொல்லல. இங்க இருப்பாரா மாட்டாரான்னு தெரிஞ்ச பெறவு நானே சொல்லணும்."

புஷ்பமேரியிடம் ஒரு சங்கதியைக் கொடுத்து பத்திரம் என்பது, லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டுவதற்குச் சமம். அப்போதிருந்து போன் அவள் கையில் சுட்டுக்கொண்டிருந்தது.

பெபின் ஓடினான். தொப்பி பறந்தது. வெள்ளைக் கோட்டையும் தாண்டி வேலி ஓரம் வரை ஓடி, பந்துக்கு நேர் கீழே போய் நின்றான். கையுறையை நீட்டினான்.

பிறகு கையை இழுத்துக்கொண்டான்.

பந்து அவன் காலடியில் தொப்பென்று விழுந்தது.

"ஏட்டி, கைக்கு வந்ததை விட்டுட்டானே!" என்று புஷ்பமேரி எழுந்தேவிட்டாள்.

பின்வரிசையில் லேபர் கேம்ப்பிலிருந்து ஆட்டம் பார்க்க வந்திருந்த ஒருவர் கத்தினார். "தம்பி, ஊருக்கு டிக்கெட் போட்டாச்சா?"

அஜிஷா ஷாலால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பெபினோ குனிந்து பந்தை எடுத்து வீசினான். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு பழைய இடத்துக்கே நடந்தான். முகத்தில் வெட்கம் மருந்துக்கும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்த எதுவும் புஷ்பமேரிக்கு விளங்கவில்லை. யாரோ எறிந்தார்கள். யாரோ காற்றை அடித்தார்கள். ஆட்டம் இன்னொரு சுற்று நீண்டது. பெபினின் அணி ஜெயித்தது.

தொந்தி வைத்த வெள்ளைக்கார கோச் ஓடிவந்தார். பந்தைப் பிடித்தவனையெல்லாம் விட்டுவிட்டு, பிடிக்காத பெபினைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்.

புஷ்பமேரி அஜிஷாவைப் பார்த்தாள். அஜிஷா புஷ்பமேரியைப் பார்த்தாள்.

காரில்தான் பெபின் வாயைத் திறந்தான். "அடுத்த சீசனும் நான்தானாம்."

"அந்தப் பந்தை விட்டதுக்கா?" என்றாள் பின்சீட்டுப் புஷ்பமேரி.

"அதுக்குத்தான் அக்கா. கடைசிச் சுற்று, ஸ்கோர் சமம். மூணாவது மூலையில அவங்க ஆளு ஓடத் தயாரா நிக்கான். நான் பிடிச்சா அடிச்சவன் அவுட்டுதான். ஆனா நான் பிடிச்ச அந்த நொடி மூலையில நிக்கவன் ஓடிவந்து ஜெயிக்கிற ரன்னை எடுத்துரலாம். அவ்வளவு தூரத்துலேர்ந்து நான் எறிஞ்சு தடுக்க முடியாது, கத முடிஞ்சு. கோட்டுக்கு வெளிய கீழ விழுந்துட்டுன்னா அவன் நின்ன இடத்துலயே நிக்கணும். அதான் விட்டேன்."

ஓடிப்போய், கையை நீட்டி, பிறகு வேண்டுமென்றே விடுவது. இதற்கெல்லாம் சம்பளம் தருகிறார்களா? ஷார்ஜாவுக்குள் நுழைந்து ரோலா வரும் வரை புஷ்பமேரி யோசித்தாள்.

பில்டிங்குக்கு முந்தைய திருப்பத்தில், பால் வாங்க அஜிஷா பக்காலா என்கிற மளிகைக் கடைக்குள் போனாள்.

பெபின் திரும்பினான்.

"அக்கா, அவ எதுக்கு அப்டி அழுதா? அங்கேர்ந்து பாத்தேன். வெறும் பந்துக்கு அழுத அழுகையாத் தெரியல. உங்களுக்குத் தெரியும்லா?"

புஷ்பமேரி வாயைத் திறந்தாள். அவள் எதையும் விசாரிக்கவில்லை, யார் வாயையும் கிண்டவில்லை. கேள்வி தானாக வந்து அவள் மடியில் இறங்கியது. பதில் நாக்கு நுனியில் நின்றது.

கடைக்குள் அஜிஷா பால் பாக்கெட்டின் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்னப்பா தெரியும்" என்றாள் புஷ்பமேரி.

நாலாவது மாடியில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

"நான் இங்கேயே இறங்கிக்கிடுதேன். கொஞ்சம் நடந்தா நல்லது."

பால் பாக்கெட்டோடு அஜிஷா வந்து ஏறினாள். கார் கிளம்பவில்லை.

புஷ்பமேரி போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு நடந்தாள். நடப்பதில் கஷ்டமில்லை. திரும்பிப் பார்க்காமல் நடப்பதுதான்.