பாஸ்பரஸ் பதுக்கல்

உரத்துக்குப் பாஸ்பரஸ் கிடைக்காத காலம். வீட்டுக் கழிவறைகளிலிருந்தே அரசு அதைச் சேகரித்து வந்தது. மதுக்கரை செண்பகவல்லியின் வீட்டில் அளவு குறைந்ததும் ஆய்வாளர் வந்துவிட்டார்.

"தின்னது முழுசா திரும்பி வரலையே. எங்கேம்மா பதுக்கறே?"

அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இங்கதானுங்க. குழந்தையோட ஒவ்வொரு செல்லுக்கும் சவ்வு கட்ட, மூளை வளர, பாஸ்பரஸ் வேணும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"பிறக்காத ஆளுக்குப் பாஸ்பரஸ் அனுமதி இல்லை" என்று சொல்லி ஆய்வாளர் அவள் கழிவறையைப் பூட்டி முத்திரை வைத்தார்.

செண்பகவல்லி நேராக அவருடைய அலுவலகத்துக்கே போனாள். "உங்க கக்கூஸ் எங்கீங்க? பிரசவம் வரைக்கும் இங்கதான் வருவேன்."

மதியத்துக்குள் அதே போலக் கழிவறை பூட்டப்பட்ட அவள் தெருக் கர்ப்பிணிகள் எல்லோரும் அங்கே வந்து வரிசையில் நின்றார்கள். அவசரம் தாங்காமல் ஆய்வாளரும் கடைசியில் போய் நின்றார்.

முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எத்தனை மாசமுங்க?"