சுவர் இல்லாத இடம்

அதைப் பார்க்கக் கூடாது.

வளைவின் இடது ஓரத்தில், ஒரு பஸ் அகலத்துக்குத் தடுப்புச் சுவர் இல்லை. கயிறு கட்டிச் சிவப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கப்பால் வானம்தான்.

கண் போகிற பக்கம் கையும் போகும். பஸ் ஓட்டுகிற அவனுக்கு அது தெரியும். தெரிந்தும் நேற்று கண் அங்கேதான் போனது. முன்சக்கரம் சரளையில் கரகரத்த பிறகுதான் ஸ்டீயரிங்கை ஒடித்தான்.

இந்த மலைத்தடத்தில் அவனுக்கு முன் ஓட்டியவர் பவுன்ராசு. போன மாதம், பயணிகள் இல்லாத பஸ்ஸோடு, அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே போனார்.

இன்று அவர் மனைவி வீரத்தாய் பஸ்ஸில் இருந்தாள்.

எஸ்டேட்டில் ஏறியவள், வேறு இடம் இருந்தும், முன் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள்.

இறக்கம் தொடங்கியது. உள்ளங்கை வேர்த்தது. சட்டையில் துடைத்தான். மறுபடி வேர்த்தது.

சிவப்புத் துணி தெரிந்தது.

பார்க்காதே, பார்க்காதே என்று சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்ல அது பெரிதாகிக்கொண்டே வந்தது.

பஸ் இடப்பக்கம் ஒதுங்கியது. பின்னால் யாரோ வீறிட்டார்கள்.

வீரத்தாய் எழுந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன் கண்ணாடியின் இடது பாதியை மறைத்து நின்றாள். முதுகு பள்ளத்துக்கு. முகம் அவனுக்கு.

துணி இல்லை. வானம் இல்லை. அவள் சேலை மட்டும்.

"இங்கிட்டுப் பாக்காதீங்கண்ணே," என்றாள். "ரோடு எங்குட்டுத் திரும்புதோ அங்க பாருங்க."

பார்த்தான்.

வலப்பக்கம் பாறை. பாறையை ஒட்டித் தார். அது வளைந்து வளைந்து, மெல்லத் திறக்கிற இடம்.

கண் அங்கே நின்றது. கை அதன் பின்னால் போனது.

வளைவு முடிந்தது. யாரோ சாமி பெயரைச் சொல்லி மூச்சுவிட்டார்கள்.

வீரத்தாய் உட்காரவில்லை. இடப்பக்க ஜன்னலில் தலையைச் சாய்த்து, பின்னால், கீழே, பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரமும் அவள் திரும்பியே பார்க்கவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

தினமும் இந்த இடத்தில் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஆக்சிலரேட்டரை மிதிப்பான்.

இன்று அதிலிருந்து காலை எடுத்தான்.

பஸ் ஊர்ந்தது. கிட்டத்தட்ட நின்றது.

அவள் பார்த்து முடிக்கிறவரை.