தைப்பூசத்துக்கு ஒரு டிகோடர்

மூன்றாவது தடவையும் அந்தம்மா படிவத்தில் வந்து நின்றுவிட்டார்.

பெயர் எழுதியாகிவிட்டது. புஷ்பவல்லி. முகவரியும் கைப்பேசி எண்ணும் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். நாலாவது வரிக்கு வந்ததும் சின்ன டிகோடரை இன்னொரு தடவை காட்டச் சொல்கிறார்.

எனக்கு எரிச்சல் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிரிக்பீல்ட்ஸில் இந்தக் கடைக்கு வந்து நான்கு வருடமாகிறது. பொருள் பிடித்துப்போய், விலைக்கும் தலையாட்டிவிட்டு, வாங்காமல் போகிறவர்களை நான் பார்த்ததே இல்லை.

இதில் குழம்ப ஒன்றுமே இல்லை. எங்களிடம் இருப்பது இரண்டே டிகோடர். பெரியதற்குக் கூரையில் டிஷ் வைப்பார்கள், தமிழ்ச் சேனல்கள் எல்லாம் வரும். சின்னதற்கு ஜன்னலோரம் ஓர் ஏரியல் போதும். அரசாங்கச் சேனல்கள் இலவசமாக வரும். தமிழ் என்று பார்த்தால் ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம்தான்.

அவருக்கு வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான்.

அடுத்த வாரம் தைப்பூசம். வருடா வருடம் பால்குடத்தோடு பத்துமலையின் இருநூற்று எழுபத்திரண்டு படியும் ஏறுகிறவர் அவர். இந்த வருடம் முட்டி இரண்டும் போய்விட்டது. படிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதனால் ரதம் போய்ச் சேருவதிலிருந்து கடைசிக் காவடி வரை வீட்டில் உட்கார்ந்து நேரலையில் பார்க்க வேண்டும். முருகன் தன்னைத் தேடுவாராம், டிவியிலாவது முகத்தைக் காட்ட வேண்டாமா என்றார்.

டிவிக்குள்ளிருந்து முருகன் இவர் முகத்தை எப்படிப் பார்ப்பார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மாதா கோயில்தான், எனக்கு எதற்கு வம்பு.

முழு நேரலை பெரிய டிகோடரில் மட்டும்தான். சின்னதை நம்பினால் செய்தியில் இரண்டு நிமிடம் காட்டுவார்கள். முதல் நாளே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன். சரிம்மா, பெரியதே இருக்கட்டும் என்றார். படிவத்தை நீட்டியதும் கண்ணாடி எடுத்து வரவில்லை என்று கிளம்பிவிட்டார்.

இரண்டாம் நாள் கண்ணாடி வந்தது. அடையாள அட்டை, அதுதான் ஐசி, வீட்டில் இருந்துவிட்டது.

இன்று படிவம் நிரப்பும் வேலையையே நான் எடுத்துக்கொண்டேன். அப்படியும் இந்தக் கதை.

பணம்தான் இடிக்கிறதோ என்று நினைத்தேன். பின்தெரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறவர், விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. மாதா மாதம் கட்டுவதில் சிரமமா என்று மெல்லக் கேட்டேன். அதெல்லாம் கட்டிவிடுவேன் என்றார், கொஞ்சம் கோபத்தோடு.

பிறகு அவர் கேட்டதெல்லாம்தான் என்னை இன்னும் குழப்பியது. பொருத்த வருகிற ஆள் யூனிஃபார்மில் வருவானா? வீட்டுக்குள் வந்து ஏதாவது கேட்பானா? நாம் எழுதிக் கொடுப்பது எங்கெங்கே போகும்?

பாவம், மோசடிக்காரர்கள் யாரோ போன் பண்ணிப் பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். இது அந்த மாதிரி இல்லை என்று எடுத்துச் சொன்னேன். பயமாக இருந்தால் வீட்டில் வேறு யார் பெயரிலாவது எடுக்கலாமே என்றேன்.

வீட்டில் அவர் ஒண்டி ஆள்.

"சின்னதே குடுத்துடும்மா. அதுக்கு எதுவும் எழுத வேணாம்ல?"

எழுத வேண்டாம். ரொட்டி வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் தைப்பூசம் வராதே என்றேன். தெரியும் என்று தலையாட்டினார்.

பெட்டியைப் பையில் போடும்போது எனக்கு மனசே ஆறவில்லை. பேச்சை மாற்றலாம் என்று, இத்தனை வருடம் பால்குடம் எடுத்தீர்களே, வேண்டிக்கொண்டது கிடைத்ததா என்று கேட்டேன்.

சிரித்தார். இன்னும் இல்லையாம். கேரி தீவு எஸ்டேட்டில் பிறந்த நாளிலிருந்தே முருகன் தன் விஷயத்தில் கொஞ்சம் மெத்தனம்தான் என்றார். இந்த வருடம் படியும் ஏறாவிட்டால் சுத்தமாக மறந்துவிடுவார், அதுதான் பயமாக இருக்கிறது என்றார்.

அந்தப் பயம் எனக்குப் பிடிபடவில்லை. என்ன வேண்டுதல் என்று கேட்பது மரியாதையாகவும் படவில்லை.

பையை வாங்கிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி வாசல் வரை போய்விட்டார். இவரை இப்படி அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. கூப்பிட்டேன்.

"ஆன்டி, சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு, நீங்க இத மாத்திக்கலாம். ஐசி மட்டும் எடுத்துட்டு வாங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்லா."

அவர் நின்றார். மேசையில் கிடந்த படிவத்தை, நான் எழுதாமல் விட்டிருந்த நாலாவது வரியை, அங்கிருந்தே பார்த்தார். அதில் அடையாள அட்டை எண் என்று போட்டு, பன்னிரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன.

"அது கெடைக்கணும்னுதாம்மா இருபத்தோரு வருஷமா பால்குடம் எடுக்கறேன்."