இடக்கன்னம்

நிரஞ்சனாவின் சேனலில் திங்கட்கிழமை புடவை, புதன்கிழமை நடிகைகளின் விவாகரத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு புத்தகம். எதுவும் ஆயிரம் பேரைத் தாண்டியதில்லை. தோழி சுகிர்தாவின் இடக்கன்னத்துத் தீக்காயத் தழும்பை மேக்கப்பால் மறைத்துக் காட்டிய வீடியோவை மட்டும் நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள்.

"அதை எடுத்துருடி. தெருவுல எல்லாரும் என் கன்னத்தையே பாக்கறாங்க" என்று சுகிர்தா கெஞ்சினாள்.

"பாக்கறாங்கன்னு சந்தோஷப்படு" என்றாள் நிரஞ்சனா.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த நாளிலும் சுகிர்தா அவளைத்தான் அழைக்க வேண்டியிருந்தது. அந்தத் தழும்பை அத்தனை சுத்தமாக மறைக்க வேறு யாருக்கும் கைவரவில்லை. பாதித் தழும்பு மறைந்திருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. நிரஞ்சனா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"கேமராவைப் பாத்து ஒரு வணக்கம் சொல்லு. சொன்னாதான் மிச்சத்தைப் பூசுவேன்."

"அவங்க வந்துட்டாங்கடி..."

"அதான், சீக்கிரம் சொல்லு."

முன்னறையில் அம்மா நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. சுகிர்தாவின் கண்கள் நிறைந்தன.

"அழாதடி, மை கலைஞ்சிரும்" என்ற நிரஞ்சனா, ஒரு கணம் யோசித்தாள்.

"இல்ல, பரவால்ல. அழு" என்று போனை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள்.